அளக்கும் கடமை, மாற்றும் அதிகாரம்: பிரிட்டனின் உள்ளூராட்சி மன்றங்கள் காட்டும் பாடம்

லண்டனின் பரபரப்பான வீதிகளில் நடந்து செல்பவர்கள் சற்றுத் தலை நிமிர்ந்து பார்த்தால், சில விளக்குக் கம்பங்களில் விரல் நீளமுள்ள சிறிய பிளாஸ்டிக் குழாய்கள், திறந்த வாய் கீழ்நோக்கியபடி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். மின்கம்பியோ, விளக்கோ அவற்றில் இருக்காது. பெரும்பாலானவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் அந்தப் பகுதி மக்கள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதற்கான சாட்சியங்களில் அந்தக் குழாய்களும் அடங்கும். மாதந்தோறும் உள்ளூராட்சி மன்றத்தின் சார்பில் ஒருவர் வந்து பழைய குழாயைக் கழற்றிப் புதியதைப் பொருத்திச் செல்கிறார். கழற்றப்பட்ட குழாய் ஆய்வுகூடத்திற்குப் போகிறது.

பிரிட்டனில் காற்றின் தரத்தைக் கண்காணிப்பது, கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டைக் குறைப்பது ஆகிய இரு பணிகளிலும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. சில மன்றங்கள் மத்திய அரசாங்கத்துக்கே வழிகாட்டியிருக்கின்றன. வேறு சில, நல்ல நோக்கத்தோடு தொடங்கிய முயற்சிகளில் பெரும் பணத்தை இழந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில், அளப்பதற்கான கடமை ஒருவரிடமும் மாற்றுவதற்கான அதிகாரம் இன்னொருவரிடமும் இருப்பதால் எழும் சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

பெரும் புகைமூட்டம் விட்டுச்சென்ற சட்டம்

இந்த வரலாற்றின் தொடக்கமாக 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை லண்டனைச் சூழ்ந்த பெரும் புகைமூட்டத்தைக் குறிப்பிடலாம். வீடுகளின் கணப்புகளிலும் மின் நிலையங்களிலும் எரிக்கப்பட்ட நிலக்கரியின் புகை, காற்றோட்டமில்லாத குளிர்ந்த வானிலையில் நகரின் மீதே தேங்கி நின்றது. சுமார் 4,000 பேர் உயிரிழந்ததாக அப்போது மதிப்பிடப்பட்டது. பின்னாளில் நடந்த ஆய்வு ஒன்று, அதைத் தொடர்ந்த மாதங்களில் நிகழ்ந்த மரணங்களையும் சேர்த்து 12,000 வரை என்று கணக்கிட்டது.

இதன் விளைவாக 1956ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் அதிகாரத்தைப் பெருமளவு உள்ளூராட்சி மன்றங்களிடமே ஒப்படைத்தது. தமது எல்லைக்குள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது. அத்தகைய பகுதிகளில் வாழ்பவர்கள் தங்கள் பழைய கணப்புகளை மாற்றுவதற்கு ஆகும் செலவின் பெரும் பகுதி பொதுப் பணத்திலிருந்து வழங்கப்பட்டது. மக்களின் அன்றாட வாழ்க்கை முறையை மாற்றச் சொல்லும்போது அதற்கான செலவிலும் அரசு பங்கேற்க வேண்டும் என்ற கொள்கை அன்றே ஏற்கப்பட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1961ஆம் ஆண்டு முதல், உள்ளூராட்சி மன்றங்களின் ஒத்துழைப்போடு, நாடு தழுவிய காற்று மாசு அளவீட்டு வலையமைப்பு ஒன்று இயங்கத் தொடங்கியது. சுமார் 1,200 இடங்களில் கரும்புகையும் கந்தக டைஆக்சைடும் அளக்கப்பட்டன. நிலக்கரியின் இடத்தை எரிவாயுவும் மின்சாரமும் பிடித்ததும் இந்த இரண்டின் அளவும் வெகுவாகக் குறைந்தன. காற்று மாசுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே பலரும் கருதினர்.

கண்ணுக்குத் தெரியாத மாசு

ஆனால் வீதிகளில் வாகனங்கள் பெருகியபோது மாசின் வடிவம் மாறியது. வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவும், முடியின் தடிமனில் சிறு பகுதியே உள்ள நுண் துகள்களும் முக்கியமான ஆபத்துகளாயின. இவை நகரை மூடும் புகைமூட்டமாகத் திரள்வதில்லை. அளந்து பார்த்தால் மட்டுமே இவை எவ்வளவு இருக்கின்றன என்பது தெரியும்.

1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம், தமது பகுதியின் காற்றுத் தரத்தை ஆராய்ந்து மதிப்பிடும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. நிர்ணயிக்கப்பட்ட அளவை மாசு தாண்டும் இடங்களை அவை காற்றுத் தர மேலாண்மைப் பகுதிகளாக அறிவித்து, செயல்திட்டம் ஒன்றையும் வகுக்க வேண்டும்.

அளப்பதற்கு இரு முறைகள் பயன்படுகின்றன. முதலாவது, விளக்குக் கம்பங்களில் தொங்கும் குழாய். அதன் மூடிய முனையில் உள்ள எஃகு வலையில் ஒரு வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடு குழாய்க்குள் மெல்லப் பரவிச் சென்று அந்த வேதிப்பொருளில் படிகிறது. ஒரு மாதத்தில் எவ்வளவு படிந்தது என்பதை ஆய்வுகூடத்தில் கணித்தால் அந்த மாதத்தின் சராசரி கிடைக்கும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆகவே ஒரு மன்றம் தனது பகுதி முழுவதிலும் பல குழாய்களைப் பொருத்த முடிகிறது. ஆனால் எந்த நாளில், எந்த மணி நேரத்தில் மாசு உச்சத்தைத் தொட்டது என்பதை இந்தக் குழாயால் சொல்ல இயலாது.

இரண்டாவது முறை, தெருவோரத்தில் சிறு அறை போன்ற பெட்டிக்குள் இயங்கும் தானியங்கி நிலையம். இது மணிக்கு மணி அளவைப் பதிவு செய்கிறது. இதன் விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம் என்பதால் ஒரு மன்றத்தின் எல்லைக்குள் சில நிலையங்களே இருக்கும். லண்டனின் இத்தகைய நிலையங்களை ஒன்றிணைத்த வலையமைப்பு 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுக் குழு அதை நீண்ட காலம் நடத்தியது.

இந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான இடைவெளி இருந்தது. மாசைக் குறைக்க முயல வேண்டும் என்றுதான் மன்றங்களுக்குச் சொல்லப்பட்டது. குறைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படிக் கட்டாயப்படுத்துவதும் கடினமே. ஏனெனில் மாசை உமிழும் நெடுஞ்சாலை மாநகரப் போக்குவரத்து அமைப்பின் கட்டுப்பாட்டிலோ மத்திய அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்கும். வாகனங்களின் தர நிர்ணயம் ஐரோப்பிய அளவிலும், எரிபொருள் வரி நிதி அமைச்சகத்தாலும் தீர்மானிக்கப்பட்டன. மன்றத்தின் கையில் அளவீடு மட்டுமே இருந்தது.

டீசல் முரண்பாடு

ஒரு சுற்றுச்சூழல் நோக்கம் இன்னொன்றோடு மோதக்கூடும் என்பதற்கு டீசல் கார்களின் கதை தெளிவான உதாரணம். 2001ஆம் ஆண்டு பிரிட்டன் அரசாங்கம், கார்கள் வெளியிடும் கரியமில வாயுவின் அளவுக்கு ஏற்ப ஆண்டு வாகன வரியை மாற்றியமைத்தது. எரிபொருள் சிக்கனமும் பருவநிலைப் பாதுகாப்பும் அதன் நோக்கம். பெட்ரோல் கார்களைவிட டீசல் கார்கள் குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடுவதால் வரிச் சலுகை டீசல் பக்கம் சாய்ந்தது. 2001இல் விற்பனையான புதிய கார்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த டீசல் கார்கள், பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாக உயர்ந்தன.

ஆனால் டீசல் கார்கள் நைட்ரஜன் டைஆக்சைடை அதிகமாக உமிழ்பவை. ஐரோப்பியத் தர விதிகள் கடுமையாகிக்கொண்டே வருவதால் அது தானாகக் குறையும் என்று அதிகாரிகள் நம்பினர். கணினி மாதிரிகளும் அவ்வாறே கூறின. உள்ளூராட்சி மன்றங்களின் தெருவோர நிலையங்கள் மட்டும் வேறு விதமாகச் சொல்லின. எதிர்பார்த்த வீழ்ச்சி பல வீதிகளில் ஏற்படவே இல்லை.

இதன் காரணம் படிப்படியாகத் தெளிவானது. பரிசோதனைக் கூடத்தில் விதிகளை நிறைவு செய்த கார்கள், உண்மையான வீதியில் பல மடங்கு அதிக மாசை வெளியிட்டன. 2015 செப்டம்பரில் வெளியான ஃபோக்ஸ்வாகன் மோசடி இந்த விவகாரத்தை உலகறியச் செய்தது. காகிதத்தில் உள்ள கணக்குக்கும் வீதியில் உள்ள காற்றுக்கும் இருந்த இடைவெளியை மன்றங்களின் அளவீடுகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பதிவு செய்து வந்திருக்கின்றன.

தென் லண்டனின் பிரிக்ஸ்டன் வீதியில் உள்ள நிலையம் இதில் குறிப்பிடத்தக்கது. ஒரு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமை ஆண்டுக்கு 18 தடவைக்கு மேல் தாண்டக் கூடாது என்பது சட்டம். 2017ஆம் ஆண்டு தொடங்கிய ஐந்தே நாட்களில் அந்த வீதி, ஆண்டு முழுவதற்குமான அந்த வரம்பைக் கடந்துவிட்டது.

ஒரு சிறுமியின் மரணச் சான்றிதழ்

இந்த அளவீடுகள் வெறும் புள்ளிவிவரமல்ல என்பதை எல்லா ஆடூ கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியின் மரணம் உணர்த்தியது. தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் பகுதியில், சவுத் சர்க்குலர் என்று அழைக்கப்படும் போக்குவரத்து நெரிசல் மிக்க சாலைக்கு மிக அருகில் அவருடைய வீடு இருந்தது. கடும் ஆஸ்துமாவினால் பாதிக்கப்பட்ட அவர், மூன்றாண்டு காலத்தில் ஏறக்குறைய 30 தடவைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2013 பிப்ரவரியில் தனது ஒன்பதாவது வயதில் உயிரிழந்தார்.

2014இல் நடந்த முதல் மரண விசாரணையில் காற்று மாசு பற்றிய பேச்சே எழவில்லை. அவருடைய தாயார் ரோசமண்ட் தொடர்ந்து விடை தேடினார். சுவாச நோய் நிபுணரான பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தொலைவில் கேட்ஃபர்ட்டில் இருந்த கண்காணிப்பு நிலையத்தின் பழைய பதிவுகளை எடுத்து, சிறுமி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட காலங்களோடு ஒப்பிட்டார். அவருடைய 2018ஆம் ஆண்டு அறிக்கையின் அடிப்படையில் முதல் விசாரணையின் முடிவு ரத்து செய்யப்பட்டு இரண்டாவது விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

2020 டிசம்பர் 16ஆம் தேதி, மரண விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ, சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசு முக்கியப் பங்களித்தது என்று தீர்ப்பளித்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணத்துக்கான காரணங்களில் காற்று மாசு அதிகாரபூர்வமாகக் குறிப்பிடப்பட்டது அதுவே முதல் தடவை. நைட்ரஜன் டைஆக்சைடின் அளவைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவரத் தவறியதையும், மாசின் ஆபத்து குறித்துத் தாய்க்குத் தகவல் தரப்படாததையும் அவர் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட தடுப்பு அறிக்கை, மாசு பற்றிய தகவல்களை மக்களுக்குத் தெரியப்படுத்துவதில் மத்திய அரசுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொறுப்புண்டு என்றும், அதற்காகக் கண்காணிப்புக் கருவிகளின் எண்ணிக்கையை அதிகரிக்க வேண்டியிருக்கலாம் என்றும் கூறியது. தாயார் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் அரசாங்கத்துடன் இணக்கம் ஏற்பட்டது.

கேட்ஃபர்ட் நிலையம் இயங்காமல் இருந்திருந்தால், அல்லது செலவைக் குறைப்பதற்காக அது மூடப்பட்டிருந்தால், இந்த உண்மையை நிரூபிப்பது மிகவும் கடினமாகியிருக்கும். அதே நேரத்தில், அந்த நிலையம் ஆண்டுக்கணக்கில் எண்களைப் பதிவு செய்துகொண்டே இருந்தும் ஒரு மைல் தொலைவில் இருந்த தாய்க்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

கட்டணமும் எதிர்ப்பும்

லண்டனில் மாற்றத்துக்கான அதிகாரம் பெருமளவு மேயரிடம் இருக்கிறது. 2003 பிப்ரவரி 17ஆம் தேதி, அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன் மத்திய லண்டனுக்குள் நுழையும் வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணத்தை அறிமுகப்படுத்தினார். அது நெரிசலைக் குறைக்கும் நோக்கம் கொண்டது. மாசை நேரடியாகக் குறிவைத்த அதிகுறைந்த உமிழ்வு வலயம், மேயர் சாதிக் கான் காலத்தில் 2019 ஏப்ரல் 8ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 2006க்கு முந்தைய பெட்ரோல் கார்களும், 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் கார்களும் இந்த வலயத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு செலுத்த வேண்டும். 2021 அக்டோபரில் வலயம் விரிவாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 29ஆம் தேதி அது லண்டனின் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளையும் உள்ளடக்கியது.

இந்தக் கடைசி விரிவாக்கம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஹேரோ, ஹில்லிங்டன், பெக்ஸ்லி, புரோம்லி ஆகிய லண்டன் மன்றங்களும் அண்டையிலுள்ள சரே மாவட்ட மன்றமும் உயர் நீதிமன்றத்தை நாடின. 2023 ஜூலை 28ஆம் தேதி அவை தோல்வியடைந்தன. அதற்கு ஒரு வாரம் முன்பு நடந்த அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில், இந்தக் கட்டணத்துக்கு எதிரான பிரசாரத்தின் துணையோடு கன்சர்வேட்டிவ் கட்சி 495 வாக்குகள் வித்தியாசத்தில் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. பல இடங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் சேதப்படுத்தப்பட்டன.

இந்த விவாதத்தின் இரு பக்கமும் லண்டன் வாழ் தமிழர்களின் வாழ்க்கையோடு தொடர்புடையவை. ஹேரோ, வெம்பிளி, டூட்டிங், மிட்சம், ஈஸ்ட்ஹாம் போன்ற தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பழைய டீசல் வேனை நம்பிச் சிறு வணிகம் நடத்துவோர், அதிகாலையில் பொதுப் போக்குவரத்து இல்லாத நேரத்தில் வேலைக்குச் செல்வோர் ஆகியோருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு என்பது சிறு தொகையல்ல. மறுபுறம், கடைகளுக்கு மேலேயும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் உள்ள வீடுகளில் குடியிருந்து அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் இதே வருமானப் பிரிவினரே.

பழைய வாகனங்களைக் கைவிடுவோருக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்துக்கு மாநகர நிர்வாகம் படிப்படியாக 21 கோடி பவுண்டுகள் வரை ஒதுக்கியது. ஆரம்பத்தில் அரசு உதவி பெறும் குடும்பங்கள், மாற்றுத் திறனாளிகள், சிறு வணிகர்கள் போன்றோருக்கு மட்டுமே கிடைத்த அந்த உதவி, எதிர்ப்பு வலுத்த பின்னர் 2023 ஆகஸ்டில் விதிகளுக்கு உட்படாத கார் வைத்திருக்கும் எல்லா லண்டன்வாசிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1956இல் பழைய கணப்புகளை மாற்றுவதற்கு வழங்கப்பட்ட உதவியை இது ஒத்திருக்கிறது. ஆனால் இம்முறை பணம் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

பலன் என்ன? வலயம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவோடு ஒப்பிடும்போது, லண்டனின் வீதியோர நைட்ரஜன் டைஆக்சைடு 27 சதவீதம் குறைந்திருப்பதாக மாநகர நிர்வாகம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. 2024ஆம் ஆண்டில் லண்டன் முதல் தடவையாக அந்த வாயுவுக்கான பிரிட்டனின் சட்ட வரம்பை, அதாவது ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்ற அளவை, நிறைவு செய்தது. 2010ஆம் ஆண்டே எட்டப்பட்டிருக்க வேண்டிய இலக்கு இது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 10 மைக்ரோகிராம் மட்டுமே.

வோக்கிங்: முன்னோடியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

எரிசக்திச் சிக்கனத்தில் உள்ளூராட்சி மன்றம் ஒன்று என்ன சாதிக்க முடியும் என்பதற்கும், எங்கே தடுக்கி விழக்கூடும் என்பதற்கும் ஒரே நகரம் உதாரணமாக இருக்கிறது. லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் வோக்கிங்தான் அது.

1990களின் தொடக்கத்தில் வோக்கிங் மன்றம் எளிமையான ஒரு திட்டத்தோடு பணியைத் தொடங்கியது. இரண்டரை லட்சம் பவுண்டுகள் கொண்ட நிதியம் ஒன்று உருவாக்கப்பட்டது. அந்தப் பணத்தில் மன்றத்தின் கட்டடங்களில் வெப்பக் காப்பு, சிக்கனமான விளக்குகள், நவீனக் கொதிகலன்கள் ஆகியவை அமைக்கப்பட்டன. அதனால் மின்சார, எரிவாயுக் கட்டணத்தில் மிச்சமான தொகை மீண்டும் நிதியத்துக்கே திரும்பியது. அது அடுத்த கட்டடத்துக்குச் செலவிடப்பட்டது. ஆண்டுதோறும் புதிதாகப் பணம் கேட்காமல் திட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது.

அடுத்த கட்டமாக, மன்றம் தனது மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது. வழக்கமான மின் நிலையம் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாக வீணாக்கிவிடுகிறது. நகரத்துக்குள்ளேயே சிறிய எரிவாயு இயந்திரத்தை நிறுவினால் மின்சாரம் கிடைப்பதோடு, அந்த வெப்பத்தைக் குழாய்கள் வழியாக அருகிலுள்ள கட்டடங்களுக்கு அனுப்பவும் முடியும். மன்றம் 1999இல் தேம்ஸ்வே என்ற நிறுவனத்தை அமைத்து, தனிக் கம்பிகள் வழியாகவே மின்சாரத்தை வழங்கியது. 2004ஆம் ஆண்டு வாக்கில், மன்றத்தின் சொந்தக் கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாடு ஏறக்குறைய பாதியாகவும், கரியமில வாயு வெளியீடு 77 சதவீதமும் குறைந்திருந்தன. இந்தத் திட்டங்களை வழிநடத்திய ஆலன் ஜோன்ஸ் என்ற அதிகாரியை 2004இல் லண்டன் மேயர் தனது நிர்வாகத்துக்கு அழைத்துக்கொண்டார்.

பின்னர் நிலைமை மாறியது. 2010க்குப் பிறகு உள்ளூராட்சி மன்றங்களுக்கான மத்திய அரசின் நிதி கடுமையாகக் குறைக்கப்பட்டது. 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் அது உண்மை மதிப்பில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அதே வேளையில் அரசின் கடன் வாரியத்திடம் குறைந்த வட்டிக்குப் பெருந்தொகை கடன் பெற வழி இருந்தது. இந்தச் சூழலில் வோக்கிங், ஹோட்டலும் கடைத்தொகுதியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கொண்ட பிரம்மாண்டமான விக்டோரியா சதுக்கத் திட்டம் உட்பட, கட்டட முதலீடுகளில் இறங்கியது. தேம்ஸ்வே குழுமமும் மன்றத்திடமிருந்து பெருமளவு கடன் பெற்றிருந்தது.

2023 ஜூன் மாதம் வோக்கிங் தன்னால் செலவுகளைச் சமாளிக்க இயலாது என்று அதிகாரபூர்வமாக அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் பவுண்டுகள் அடிப்படை நிதி கொண்ட மன்றத்தின் எதிர்பார்க்கப்பட்ட பற்றாக்குறை 120 கோடி பவுண்டுகள். அடுத்த ஆண்டு குடியிருப்பு வரி ஏறக்குறைய 10 சதவீதம் உயர்ந்தது, சேவைகள் குறைக்கப்பட்டன.

எரிசக்திச் சிக்கனம் வோக்கிங்கை வீழ்த்தவில்லை. அதை வீழ்த்தியது கடனில் கட்டப்பட்ட கட்டடங்கள். ஆனால் சிறு நிதியமாக, மிச்சப்பட்ட பணத்தை மட்டுமே செலவிட்ட காலத்தில் இருந்த கட்டுப்பாடு, பெரும் கடன் எளிதாகக் கிடைத்த காலத்தில் இல்லாமல் போனது. ஒவ்வொரு கட்டடத்தின் மின்மானியையும் கவனமாகப் பார்த்த ஒரு நிர்வாகம் தனது கடன் கணக்கை அதே கண்டிப்போடு பார்க்கவில்லை.

தொழில்நுட்ப ரீதியிலும் காலம் மாறியது. நிலக்கரி மின்சாரத்தோடு ஒப்பிடும்போது எரிவாயு இயந்திரம் தூய்மையானதாக இருந்தது. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டது. காற்றாலைகளின் பங்கு பெருகியுள்ள இன்றைய மின் கட்டமைப்போடு ஒப்பிட்டால் அந்த இயந்திரங்களின் சாதகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நகருக்குள் இயங்குவதால் அவை நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெளியிடுகின்றன.

நொட்டிங்ஹம் நகரின் அனுபவமும் இதையே கூறுகிறது. மக்களுக்கு மலிவாக மின்சாரமும் எரிவாயுவும் விற்பதற்காக 2015இல் அந்த மன்றம் தொடங்கிய ராபின் ஹுட் எனர்ஜி நிறுவனம், 2020இல் சுமார் 3 கோடியே 80 லட்சம் பவுண்டுகள் இழப்போடு மூடப்பட்டது. அதே மன்றம் 2012இல், 11 அல்லது அதற்கு மேற்பட்ட வாகன நிறுத்துமிடங்களை ஊழியர்களுக்கு வழங்கும் நிறுவனங்கள் மீது விதித்த வரி வெற்றி பெற்றது. அந்த வருவாய் டிராம் பாதை விரிவாக்கத்துக்கு உதவியது. சந்தையில் பெரிய நிறுவனங்களோடு போட்டியிட்ட இடத்தில் மன்றம் தோற்றது. சட்டம் தனக்குத் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய இடத்தில் வென்றது.

மேர்ட்டன் விதி

பெரும் பணம் செலவிடாமல் நாட்டையே மாற்றிய ஒரு மன்றமும் உண்டு. விம்பிள்டன் பிள்ளையார் கோவில் அமைந்திருக்கும் தென் லண்டனின் மேர்ட்டன் பகுதி மன்றம், 2003ஆம் ஆண்டு ஒரு திட்டமிடல் விதியைக் கொண்டுவந்தது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, குடியிருப்பு அல்லாத புதிய கட்டடங்கள் தமக்குத் தேவையான எரிசக்தியில் குறைந்தது 10 சதவீதத்தை அந்த இடத்திலேயே புதுப்பிக்கத்தக்க வழிகளில் உற்பத்தி செய்ய வேண்டும் என்பதே அது.

இதில் ஒரு நுட்பம் இருந்தது. கட்டடத்தின் மொத்தத் தேவை குறைந்தால் அதில் 10 சதவீதமும் குறையும். ஆகவே விலை உயர்ந்த சூரியத் தகடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பிய கட்டட நிறுவனங்கள், முதலில் சுவர்களுக்கும் கூரைக்கும் நல்ல வெப்பக் காப்பு அமைப்பதே இலாபகரமானது என்று கண்டுகொண்டன. சிக்கனம் செய்யுமாறு விதி நேரடியாகக் கட்டளையிடவில்லை. ஆனால் அதையே மிகவும் மலிவான வழியாக ஆக்கியது.

பல மன்றங்கள் இதைப் பின்பற்றின. 2008ஆம் ஆண்டின் திட்டமிடல் மற்றும் எரிசக்திச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள மன்றங்கள் இத்தகைய நிபந்தனைகளை விதிப்பதற்கு நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்தை வழங்கியது. விதியின் குறைபாடுகளும் பின்னர் தெரியவந்தன. நகரக் கட்டடங்களின் இடையே நிறுவப்பட்ட சிறு காற்றாலைகள் பல இடங்களில் எதிர்பார்த்த மின்சாரத்தைத் தரவில்லை. அனுமதி கோரும் வரைபடத்தில் எழுதப்பட்ட எண்ணிக்கையைப் பார்த்த அளவுக்கு, கட்டடம் எழுந்த பின்னர் அது உண்மையில் எவ்வளவு சேமிக்கிறது என்று பார்ப்பதற்கான ஏற்பாடு பெரும்பாலான மன்றங்களிடம் இல்லை.

மத்திய அரசின் போக்கும் சீராக இருக்கவில்லை. புதிய வீடுகள் அனைத்தும் கரியமில வாயு வெளியிடாதவையாக இருக்க வேண்டும் என்ற திட்டம், நடைமுறைக்கு வரவிருந்த சமயத்தில் 2015இல் கைவிடப்பட்டது. தேசியத் தரத்தைவிடக் கடுமையான நிபந்தனைகளை மன்றங்கள் விதிப்பதைக் கட்டுப்படுத்தும் அமைச்சரவை அறிக்கை ஒன்று 2023 டிசம்பரில் வெளியானது.

யார் செய்ய வேண்டும்?

2018 நவம்பரில் பிரிஸ்டல் மன்றம் பருவநிலை அவசரநிலையை அறிவித்தது. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான பிரிட்டிஷ் மன்றங்களும் அவ்வாறே அறிவித்தன. ஆனால் அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவை மேற்கண்ட அனுபவங்கள் காட்டுகின்றன.

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, உள்ளூர் அளவீடு இன்றியமையாதது. டீசல் விவகாரத்திலும் லூயிஷம் சிறுமியின் விவகாரத்திலும் உண்மையை வெளிக்கொணர்ந்தவை தெருவோரத்தில் இருந்த நிலையங்களே. இரண்டாவதாக, அளவீடு மக்களைச் சென்றடையாவிட்டால் அதன் பயன் பாதியாகிறது. மூன்றாவதாக, விதிகளை வகுக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது மன்றங்கள் பெரும்பாலும் வெற்றி பெறுகின்றன. கடன் வாங்கி வணிகத்தில் இறங்கும்போது தோல்வியின் விலையை உள்ளூர் மக்களே செலுத்த நேர்கிறது. நான்காவதாக, மாற்றத்தின் சுமை வருமானம் குறைந்தவர்கள் மீது விழும்போது, அதற்கான உதவி முன்கூட்டியே வராவிட்டால் நல்ல திட்டமும் எதிர்ப்பில் சிக்கிக்கொள்கிறது.

நைட்ரஜன் டைஆக்சைடின் அளவு குறைந்து வரும் நிலையில், இனி வரும் ஆண்டுகளில் நுண் துகள்களே மன்றங்களுக்குப் பெரும் சவாலாக இருக்கும். மின்சாரக் கார்களின் டயர்களிலிருந்தும் அவை வெளிவருகின்றன. வீடுகளின் விறகு அடுப்புகளிலிருந்தும் வருகின்றன. காற்றோடு நெடுந்தூரம் பயணித்து வேறு பகுதிகளிலிருந்தும் வந்து சேர்கின்றன. விளக்குக் கம்பத்தில் தொங்கும் குழாய் இவற்றை அளப்பதில்லை. இதற்கான கருவிகளுக்கும் அவற்றைப் பராமரிப்பவர்களுக்கும் செலவிட, நிதி நெருக்கடியில் உள்ள மன்றங்களிடம் பணம் இருக்குமா என்பதும், அளந்த பின்னர் செயல்படுவதற்கான அதிகாரத்தை மத்திய அரசு அவற்றுக்கு வழங்குமா என்பதும் இன்னமும் விடை காணப்படாத கேள்விகளாகவே இருக்கின்றன.